மூட்டம்

திங்கட்கிழமை சாயங்காலம்
விதையை ஊறப்போட்டார்.
பொன்மணி ரகம், ஒரு மூட்டை.
டெப்போ சீட்டு இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது.
மாட்டுக்கொட்டகைத் தொட்டியில் சாக்கோடு இறக்கிவிட்டு
லுங்கியில் கை துடைத்தபடி சொன்னார்:
"வடவாத்துல தண்ணி வந்துருச்சு.
வியாழக்கெழம வெதச்சிரலாம்."

ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்தார்.
ஆம்புலன்ஸ்
வடுவூர் ஏரிக்கரையைத் தாண்டவில்லை.

செவ்வாய் முழுக்க ஆட்கள்.
பெட்டி கடனுக்கு வந்தது.
கல்யாணச் சட்டை அவருக்கு மறுபடி சரியாக இருந்தது.
இத்தனை இளைத்திருந்ததை
கூடவே இருந்த நான் கவனிக்கவில்லை.

சாமியார் நித்திய வாழ்வைப் பற்றிப் பேசினார்.
நல்ல மனிதர், அவர்மேல் கோபமில்லை.
அடுத்த தெருப் பந்தியில்
இலை போடும் சத்தம் கேட்பதுபோல் இருந்தது எனக்கு.

ஆளுக்கொரு பிடி மண் போடும்போது
ஜெசிந்தாவைக் காணோம்.
பன்னிரண்டு வயசு, ஒரே மகள்.
"அழவும் இல்ல, அப்பனுக்கு ஒரு பிடி மண்ணும் போடல,
என்ன புள்ள பெத்துருக்க!"
கல்லறைத் தோட்டத்திலேயே கத்தினாள்
நாத்தனார் விக்டோரியா.
பதில் சொல்லத் தெம்பில்லை.
களிமண் காலில் ஒட்டிக்கொண்டு
வீடு வரை வந்தது.

புதன்கிழமை
சுவரில் தொங்குகிறவரிடம் கேட்டேன்:
உமக்கு மூன்றே நாள்.
பிலவேந்திரனுக்கு எத்தனை?
கணக்காவது சொல்லும்.

அவர் சொல்லவில்லை.
அந்த வெள்ளிக்கிழமை
அவருடைய அம்மா கேட்டிருந்தாலும்
யார் பதில் சொல்லியிருப்பார்கள்?
அப்படி நினைத்தது ஆறுதல் இல்லை.
பாயின் மறு ஓரத்தில்
இன்னொருத்தியும் தூங்காமல் உட்கார்ந்திருப்பதுபோல,
அவ்வளவுதான்.

வியாழன் விடிகாலை
மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோதுதான்
விதை நினைவுக்கு வந்தது.
இத்தனை நாள் தண்ணீரில் கிடந்தால் புளித்து நாறியிருக்கும்.
மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தேன்.

தொட்டி காலி.

மூலையில் ஒரு வைக்கோல் குவியல்.
பாரத்துக்கு மேலே இரண்டு செங்கல்,
அதற்கும் மேலே
புத்தகங்களோடு அவள் பள்ளிக்கூடப் பை.

வைக்கோலை விலக்கிச் சாக்கைத் தொட்டேன்.
சுட்டது,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல.
உள்ளே கை விட்டேன்.
நெல்லுக்கு நெல் மூக்கில் வெள்ளை முளை.

பின்னால் வந்து நின்றாள்.
"மறுநா சாயங்காலம் தண்ணிய வடிச்சு மூட்டம் போடணும்,
இல்லன்னா வெதை செத்துரும்னு
அப்பாதான் சொன்னாரு.
எல்லாரும் போயிட்டீங்க.
தூக்க முடியல.
பாதிய பக்கெட்டுல அள்ளிட்டுத்தான் இழுத்தேன்."
பிறகு அழுதாள்.
மாடு திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதாள்.

துக்க வீட்டுப் பெண் மூன்றாம் நாள்
விதைக்கூடையோடு வரப்பில் இறங்கியதை
ஊர் பேசியிருக்கும்.
கலியபெருமாள் மட்டும் ஒன்றும் கேட்காமல்
மடையைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்.
அவர் ஞாயிற்றுக்கிழமை பரம்படித்த சேறு.
ஓரத்தில் அவர் குதிகால் தடம் அப்படியே இருந்தது.
அதில் நான் விதை போடவில்லை.
கை பழகவில்லை,
முதல் நாலு வீச்சும் கும்பல் கும்பலாக விழுந்தது.

இந்த ஞாயிறு பூசைக்குப் போனோம்.
விசுவாசப் பிரமாணத்தில்
உடல் மறுபடி எழும் என்கிற இடம் வந்ததும்
நாக்கு நின்றுவிட்டது.
ஜெசிந்தாவின் குரல் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.
உள்ளங்கையில் அந்தச் சாக்கின் சூடு.
பிந்தி, எல்லோரும் ஆமென் சொன்ன பிறகு,
அந்த வரியை மட்டும்
மெதுவாகச் சொன்னேன்.
நம்பினேனா, தெரியாது.
பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

மதியம் மழை பெய்திருக்கிறது.
நாற்றங்காலில் தண்ணீர் நிற்கும்.
இருட்டுவதற்குள் வடிக்க வேண்டும்,
நானும் அவளும்.